வைரஸ் மதில் ஏறிக் குதிப்பதில்லை

1918 ஏப்ரல் மாதம். கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கைதிகளுக்குப் படம் போடுவார்கள். வாரம் முழுக்கச் சணல் ஆலையிலும் சமையற்கட்டிலும் உழன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். கூடம் நிரம்பி வழியும். அந்த மாதம் சிறை மருத்துவர் லியோ ஸ்டான்லி ஒரு விஷயத்தைக் கவனித்தார். செவ்வாய், புதன் வந்தால் மருத்துவமனை வாசலில் வரிசை நீள்கிறது. அப்புறம் மெல்லக் குறைகிறது. அடுத்த ஞாயிறு படம். அடுத்த செவ்வாய் மறுபடியும் வரிசை.

இன்ஃபுளுவென்சா உடம்புக்குள் போய்க் காய்ச்சலாக வெளியே தெரிய சராசரியாக இரண்டு நாள் ஆகும். ஞாயிறு உட்கார்ந்து படம் பார்த்தவன் செவ்வாய் படுக்கிறான், அவ்வளவுதான் கணக்கு. இதில் வியப்பு என்னவென்றால், அது ஒரு வைரஸ் என்றே அன்று யாருக்கும் தெரியாது. மனிதரிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்துக் காட்ட 1933 ஆனது. ஸ்டான்லியிடம் இருந்தது நாட்காட்டியும் நோயாளிப் பதிவேடும் மட்டும்தான்.

சரி, காய்ச்சல் உள்ளே எப்படி வந்தது? அதையும் அவர் தேடிப் பிடித்தார். ஏப்ரல் நடுவில் லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டி (மாவட்டம்) சிறையிலிருந்து ஒரு கைதி மாற்றலாகி வந்திருந்தார். அந்தச் சிறையில் ஏற்கெனவே பலருக்கு உடம்பு சரியில்லை. இவருக்கும் வரும்போதே காய்ச்சல். வந்த ஆள் முற்றத்தில் எல்லோரோடும் உலாவினார், பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டார், இரவு மற்ற புதுவரவுகளோடு ஒரே அறையில் படுத்தார். சில வாரங்களில் சுமார் 1,900 கைதிகளில் ஏறக்குறைய 500 பேர் விழுந்தார்கள். 3 பேர் இறந்தார்கள். அக்டோபரில் இரண்டாவது அலை வந்தது. அதையும் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கமிருந்து வந்த ஒரு புதுக் கைதிதான் கொண்டுவந்தார். ஆனால் அதற்குள் உலகம் முழுக்க நோயின் கோரம் தெரிந்துவிட்டது. கூட்டம் கூடுவதை நிறுத்தினார்கள், முகத்தில் துணி கட்டினார்கள். இரண்டாவது முறை பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

ஸ்டான்லியை ஒரு மகானாக்கிவிட வேண்டாம். 'தரமான' மனிதர்கள் மட்டும்தான் பிள்ளை பெற வேண்டும் என்கிற இனமேம்பாட்டு வெறி பிடித்தவர். இறந்த கைதிகளின், விலங்குகளின் விந்தகங்களை உயிரோடிருக்கும் கைதிகளுக்குள் பதித்துச் சோதனை செய்த ஆள். ஆனால் காய்ச்சலைப் பற்றி அவர் எழுதியது நல்ல அறிக்கை. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் இதழில் 1919இல் அச்சாகிவிட்டது. நூறு வருஷமாக நூலகத்தில் இருக்கிறது. அதில் மறைபொருள் எதுவும் கிடையாது. வேறொரு சிறையிலிருந்து வருகிறவனைச் சோதிக்காமல் கூட்டத்தில் விடாதே என்பதுதான் அதிலிருந்து எவரும் பெறக்கூடிய பாடம்.

இப்போது 2020க்கு வருவோம். அதே சிறை.

கொரோனா வந்த புதிதில் பலரும் சொன்னது நினைவிருக்கும்: "ஜெயில்ல இருக்கறவனுக்கு என்ன, அவன் ஏற்கெனவே லாக்டவுன்லதானே இருக்கான்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உயர்ந்த மதில், முள்கம்பி, பூட்டு மேல் பூட்டு. ஆனால் ஒரு சிறையின் வாசலில் ஒரு நாள் நின்று பார்த்தால் நினைப்பு மாறிவிடும். காவலர்கள் ஷிஃப்டு ஷிஃப்டாக வீட்டிலிருந்து வந்து வீட்டுக்குப் போகிறார்கள். காய்கறி வண்டி வருகிறது. நேற்று கைதானவன் வருகிறான், இன்று ஜாமீன் கிடைத்தவன் போகிறான். கோர்ட்டுக்குப் போகும் வண்டி காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்புகிறது. இவற்றோடு ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு மாற்றல் ஆகிறவர்கள். கிருமிக்கு மதில் ஒரு பொருட்டே இல்லை. அது அதிகாரபூர்வமாக, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாசல் வழியாகத்தான் வருகிறது. பெருந்தொற்று வந்ததும் உலகெங்கும் சிறைகள் முதலில் நிறுத்தியது எதைத் தெரியுமா? பார்க்க வரும் குடும்பத்தாரை. நிறுத்தினால் நிர்வாகத்துக்குச் சிரமமே இல்லாத ஒரே போக்குவரத்து அதுதான்.

2020 மே கடைசி வரை சான் குவென்டின் கைதிகளில் ஒருவருக்கும் கொரோனா இல்லை. சுமார் 700 கிலோமீட்டர் தெற்கே சீனோ என்ற ஊரில் இருக்கும் சிறையில் நூற்றுக்கணக்கானோருக்குத் தொற்று பரவிச் சாவுகளும் நடந்தன. அங்கிருந்த வயதானவர்களையும் நோயாளிகளையும் காப்பாற்ற வேண்டும், வேறு சிறைகளுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவானது. நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவுதான். கலிஃபோர்னியச் சிறைகளின் மருத்துவம் மிக மோசம் என்று மத்திய நீதிமன்றம் 2006லேயே அதை மாநில அரசின் கையிலிருந்து பிடுங்கித் தனி அதிகாரி ஒருவரிடம் ஒப்படைத்திருந்தது. மாற்றலுக்கு அழுத்தம் கொடுத்தது அந்த மருத்துவத் தரப்பு.

மொத்தம் 189 பேர். அதில் 122 பேர் சான் குவென்டினுக்கு. மாநிலத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பிறகு விசாரித்து 2021 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். கிளம்பியவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியாகப் பரிசோதனை செய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. பலருக்கு மூன்று, நான்கு வாரம். தொற்று கொழுந்துவிட்டு எரியும் இடத்தில் நாலு வாரத்துக்கு முந்தைய 'நெகட்டிவ்' தாளுக்கு என்ன மதிப்பு? போன மாதம் பால் கெடவில்லை என்பதற்காக இன்று அதைக் காய்ச்சிக் குடிப்பதுபோல. மறுபடி சோதித்துவிட்டு அனுப்பலாமா என்று கீழே இருந்தவர்கள் மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று மேலிருந்து பதில். அவசரம். பேருந்தில் இடைவெளிக்காக வைத்திருந்த ஆள்கணக்கு வரம்பையும் தளர்த்தினார்கள்.

மே 30 வாக்கில் வண்டிகள் வந்து சேர்ந்தன. இறங்கும்போதே இரண்டு பேருக்கு அறிகுறி இருப்பதை சான் குவென்டின் செவிலியர்கள் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் வந்தவர்களில் பெரும்பாலோரைத் தங்க வைத்த இடத்தில் அறைகளுக்குக் கெட்டிக் கதவு கிடையாது, வெறும் கம்பி. வந்த 122 பேரில் 15 பேருக்குத் தொற்று உறுதியானது. அது போதும். ஆகஸ்ட் முடிவதற்குள் அந்தச் சிறையில் 2,237 கைதிகளுக்கும் 277 பணியாளர்களுக்கும் தொற்று. கைதிகள் 28 பேரும் காவலர் ஒருவரும் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் மொத்தமே ஏறக்குறைய 3,500 பேர். செத்துப்போன கைதிகளில் பலர் மரண தண்டனைக் கைதிகள். 2006க்குப் பிறகு கலிஃபோர்னியாவில் ஒருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றவில்லை. அரசு நிறுத்திவைத்திருந்த வேலையை ஒரு பேருந்துப் பயணம் செய்து முடித்தது.

உள்ளே வந்த கிருமி ஏன் இப்படிக் காட்டுத்தீயாகிறது என்பதற்கு அந்தக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். சான் குவென்டின் 1852இல் தொடங்கிய சிறை. அதன் பழைய பிளாக்குகள் ஒரு பெரிய கொட்டகைக்குள் அலமாரியை நிறுத்தி வைத்ததுபோல இருக்கும். ஐந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் வரிசையாக அறைகள், முன்பக்கம் கம்பி. கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும் அறைக்குள் இரட்டைக் கட்டில், இரண்டு ஆள், ஒரு கழிப்பறை. ஒரு பிளாக்கில் எண்ணூறு பேர் வரை. 2020 ஜூன் 13 அன்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் குழு ஒன்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அவசரக் குறிப்பு அனுப்பியது. சன்னல்களை வெல்டிங் வைத்து மூடியிருக்கிறார்கள், காற்றாடிகள் பல வருஷமாக ஓடியதாகவே தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். கைதிகள் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள் என்பது அவர்களின் முதல் பரிந்துரை.

சுவாச வைரஸ்களில் பலவும் இருமும்போது தெறிக்கும் எச்சிலோடு நின்றுவிடுவதில்லை. பேசும்போது, மூச்சு விடும்போதுகூட மிக நுண்ணிய துளிகளாக வெளியேறிப் புகைபோல மிதக்கின்றன. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நமக்குத் தும்மல் வருகிறதே, அதுபோலத்தான். காற்று வெளியேற வழி இருந்தால் நெடி கலைந்துவிடும், இல்லையென்றால் அங்கேயே சுற்றும். இதில் சிறைக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. அங்கே யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. மூன்றாம் அடுக்கில் இருப்பவன் ஐந்தாம் அடுக்கில் இருப்பவனைக் கூப்பிட வேண்டுமானால் கத்த வேண்டும். தொலைபேசிக்கு, குளியலுக்கு, மாத்திரைக்கு, எல்லாவற்றுக்கும் கத்தல்தான். கத்தும்போது வெளியேறும் துளிகள் சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு. ஆறடி இடைவெளி என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம். எண்ணூறு பேர் ஒரே கொட்டகைக் காற்றை மூச்சிழுக்கும்போது யார் யாரிடமிருந்து ஆறடி?

சிறைக் காற்றைப் பற்றிய கவலை புதிதல்ல. 1750இல் லண்டனின் 'ஓல்ட் பெய்லி' நீதிமன்றத்தில், பக்கத்து நியூகேட் சிறையிலிருந்து விசாரணைக்குக் கொண்டுவந்த கைதிகளோடு 'ஜெயில் காய்ச்சலும்' வந்தது. நகர மேயர், நீதிபதிகள் இருவர் உட்படப் பலர் செத்தார்கள். கைதி செத்தபோது அசையாத நிர்வாகம் மேயர் செத்ததும் பதறியது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற விஞ்ஞானியின் திட்டப்படி 1752இல் நியூகேட் கூரைமேல் காற்றாலை ஒன்றை நிறுத்திக் கெட்ட காற்றை உறிஞ்சி வெளியேற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால் அது டைஃபஸ், பேன் மூலம் பரவும் நோய். காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவறான நோய்க்குச் சரியான இயந்திரம். 268 வருஷம் கழித்துச் சரியான நோய் வந்தபோது சான் குவென்டினில் காற்றாடி ஓடவில்லை.

கட்டடத்தை விடுங்கள், கைதியின் மனசைப் பாருங்கள். வெளியே நமக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் சொல்வோம், ரசம் கிடைக்கும், கஞ்சி கிடைக்கும். உள்ளே சொன்னால் என்ன கிடைக்கும்? நோயாளிகளைத் தனியே வைக்கச் சிறையில் இருக்கும் கெட்டிக் கதவு போட்ட அறைகள் பெரும்பாலும் தண்டனை அறைகள். அடிதடி செய்தவனை வாரக்கணக்கில் அடைத்து வைக்கும் இடம். அங்கே போனால் டி.வி. இல்லை, பழகின அறைத்தோழன் இல்லை, சொந்தச் சாமான் எதுவும் கூட வராது. வீட்டுக்குப் போன் பேசுவதும் போய்விடும். அதனால் காய்ச்சலை மறைப்பார்கள். பரிசோதனைக்கே மறுப்பார்கள். மருத்துவர்கள் குழு தன் குறிப்பில் இதையும் எச்சரித்திருந்தது. தனிமைப்படுத்துவதும் தனிச்சிறையில் அடைப்பதும் ஒன்றாகிவிட்டால், நோயைச் சொல்வதே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போலாகிவிடும். என்னைக் கேட்டால், சிறைத் தொற்றில் மிகவும் குறைவாகப் பேசப்படும் காரணம் இதுதான். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இன்னொரு கொடுமையும் இருந்தது. டாக்டரைப் பார்க்கவே கைதி சில டாலர் கட்ட வேண்டும். ஒரு மணி நேர வேலைக்குச் சில்லறை சென்ட்டுகள் கூலி வாங்குகிறவனுக்கு அது பல நாள் சம்பளம். கலிஃபோர்னியா அந்தக் கட்டணத்தை 2019இலேயே எடுத்துவிட்டது. மற்ற பல மாநிலங்கள் பெருந்தொற்று வந்த பிறகுதான் நிறுத்திவைத்தன.

மறைப்பதற்கு எதுவும் இல்லாதவர்களிடமும் நோய் மறைந்துதான் இருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் மேரியன் சிறையில் 2020 ஏப்ரலில் அறிகுறி பார்க்காமல் எல்லோரையும் சோதித்தார்கள். சுமார் 2,500 பேரில் 1,800க்கும் அதிகமானோருக்குத் தொற்று. அதில் பெரும்பாலோர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். 'காய்ச்சல் இருக்கிறதா' என்று கேட்டு உள்ளே விடும் முறையின் லட்சணம் அன்று தெரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்கச் சிறைக் கைதிகளிடம் தொற்று விகிதம் பொதுமக்களைவிட 5.5 மடங்கு என்றது. வயதையும் பாலினத்தையும் சமன் செய்து பார்த்தால் சாவு 3 மடங்கு.

உள்ளே போனது உள்ளேயே இருந்துவிடும் என்று வெளியே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க முடியுமா? சிகாகோவின் குக் கவுண்டி ஜெயில் தண்டனைச் சிறை அல்ல, பெரும்பாலும் விசாரணைக் கைதிகள் சில நாள், சில வாரம் இருந்துவிட்டுப் போகும் இடம். அங்கே போய் வந்தவர்களின் முகவரிப் பகுதிகளையும் தொற்று எண்ணிக்கையையும் இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2020 ஏப்ரல் 19 வரை இல்லினாய் மாநிலத்தில் பதிவான தொற்றுகளில் 15.7 சதவீதம் இந்த ஒரு ஜெயிலின் வரத்துப் போக்கோடு தொடர்புடையது என்று கணக்கு வந்தது. சின்னத் திருட்டு, அபராதம் கட்டாதது என்று பிடித்து இரண்டு நாள் வைத்து விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளில் என்ன வாங்கிக்கொண்டு அவன் தெருவுக்குத் திரும்புகிறான் என்பது யாருடைய பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

காவலர்கள் கதை இதைவிடச் சிக்கலானது. தடுப்பூசி வந்ததும் கலிஃபோர்னியக் கைதிகளில் ஏறக்குறைய நான்கில் மூவர் போட்டுக்கொண்டார்கள். பணியாளர்களில் பாதியும் கொஞ்சமும்தான். தினமும் வெளியே போய்வருகிறவர்கள் அவர்கள்தான் என்பதால் எல்லோரும் போட்டாக வேண்டும் என்று மத்திய நீதிபதி ஒருவர் 2021 செப்டம்பரில் உத்தரவிட்டார். காவலர் சங்கம் எதிர்த்தது. மற்ற துறைகளில் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிய ஆளுநர் கேவின் நியூசமின் அரசும் இதில் மட்டும் சங்கத்தோடு நின்றது, ஓட்டு அரசியல்தான் காரணமோ என்னவோ. மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவை நிறுத்திவைத்து, 2022இல் ரத்தும் செய்துவிட்டது. கதவு திறந்தே இருந்தது.

ஆக, முகக்கவசம், சோப்பு, சோதனை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வழிதான் உண்மையிலேயே பலன் தரும்: ஆளைக் குறைப்பது. அதற்கு இந்தியாவில் உச்ச நீதிமன்றம் சீக்கிரமே விழித்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 23 அன்றே, நாடு முழு ஊரடங்குக்குப் போகும் முன்பே, ஒவ்வொரு மாநிலமும் உயர்மட்டக் குழு அமைத்து ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் இருப்பவர்களைப் பரோலிலும் இடைக்கால ஜாமீனிலும் விடுவதைப் பரிசீலிக்கச் சொன்னது. பல்லாயிரம் பேர் வெளியே வந்தார்கள். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2019 முடிவில் 100 பேருக்கான இடத்தில் 118.5 பேர். இரண்டாம் அலையையும் தாண்டிய 2021 முடிவில் 130.2 பேர். பின்வாசலில் விட்டவர்களைவிட முன்வாசலில் பிடித்துக் கொண்டுவந்தவர்கள் அதிகம். 2021 கணக்கில் உள்ளே இருந்தவர்களில் 77 சதவீதம் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபணமாகாதவர்கள்.

இலங்கையில் நடந்தது இன்னும் மோசம். 2020 நவம்பர் 29 அன்று கொழும்புக்கு அருகே மஹர சிறையில், நெரிசலில் தொற்று பரவுகிற பயத்தில் கைதிகள் கொந்தளித்தார்கள். காவலர்கள் சுட்டார்கள். 11 கைதிகள் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். வைரஸால் சாகப் பயந்தவர்களில் பலர் தோட்டாவால் செத்தார்கள்.

சான் குவென்டினிலும் விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 2020 அக்டோபரில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், சிறை நிர்வாகம் தெரிந்தே அலட்சியமாக இருந்தது என்று தீர்ப்பளித்து, கைதிகள் எண்ணிக்கையை 1,775க்குக் கொண்டுவரச் சொன்னது. மருத்துவர்கள் ஜூனில் சொன்ன அதே பாதி. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. 2021 பிப்ரவரியில் தொழிலாளர் பாதுகாப்பு முகமை 4,21,880 டாலர் அபராதம் போட்டது, பணியாளர் பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக. கைதிகளின் வழக்கு சுற்றிச் சுற்றி, சான் குவென்டின் இருக்கும் மரின் கவுண்டியின் நீதிமன்றத்துக்கு வந்து, 2021 நவம்பரில் தீர்ப்பானது. கைதிகளின் அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டது உண்மைதான் என்றார் நீதிபதி. ஆனால் அதற்குள் தடுப்பூசி வந்துவிட்டது, நிலைமை மாறிவிட்டது, ஆகவே பரிகாரம் எதுவும் இல்லை.